தோல்வழித் தடுப்பூசியும் நினைவு டி செல்களும்: பிசிஜி ஊசிக்குப் பின் உடலில் நிகழ்வது என்ன?

பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் போடப்படும் பிசிஜி ஊசி, காசநோய்க்கு எதிரான தடுப்பூசியாகும். தசைக்குள் செல்லாமல் தோலுக்குள்ளேயே செலுத்தப்படும் இவ்வூசி, சில வாரங்களில் ஒரு சிறு புண்ணையும் பின்னர் வாழ்நாள் முழுவதும் நிற்கும் ஒரு தழும்பையும் ஏற்படுத்துகிறது. ஆனையூர், கூடல்நகர் போன்ற மதுரையின் வடபகுதிகளிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வாழும் பெற்றோர் இவ்வூசி குறித்துப் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே எழுப்புகின்றனர். ஊசி போட்ட இடம் ஆறாமல் சீழ் வைக்கிறதே, அஞ்ச வேண்டுமா? ஊசி போட்டாயிற்றே, இனிக் குழந்தைக்குக் காசநோய் வராதல்லவா?

முதல் கேள்விக்குரிய பதில்: பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது கேள்விக்குரிய பதில் அவ்வளவு எளிதன்று. வீட்டில் காசநோயாளி ஒருவர் இருப்பின், அப்பதிலைத் தவறாகப் புரிந்துகொள்வது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். இவ்விரு பதில்களும் "நினைவு டி செல்கள்" எனப்படும் இரத்த வெள்ளையணுக்களின் பிறப்பிலும் இருப்பிடத்திலும் அடங்கியுள்ளன.

தோலுக்குள் ஏன் போடப்படுகிறது?

பிசிஜி என்பது உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட நுண்ணுயிரிகளைக் கொண்ட தடுப்பூசி. மாடுகளுக்குக் காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியைப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கால்மெட், கெரான் ஆகிய இருவரும் 13 ஆண்டுகள் ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். 1921-இல் முதன்முறையாக ஒரு குழந்தைக்கு இது வாய்வழியாக அளிக்கப்பட்டது. தோலுக்குள் செலுத்தும் முறை பின்னர் வந்ததாகும். இந்தியாவில் 1948-இல் இத்தடுப்பூசிப் பணி தொடங்கியது. சென்னை கிண்டியில் பிசிஜி தடுப்பூசி ஆய்வகமும் அதே ஆண்டில் நிறுவப்பட்டது.

நம் தோல் வெறும் போர்வையன்று. வெளியுலகிலிருந்து வரும் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் இடம் என்பதால், காவல் செல்கள் தசையைவிடத் தோலில் மிக அடர்த்தியாக உள்ளன. மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்களும், அதற்குக் கீழுள்ள அடுக்கில் டென்ட்ரிடிக் செல்களும் கிளைகளை விரித்துக் காத்திருக்கின்றன. எனவே மிகக் குறைந்த அளவு மருந்தே இங்கு போதுமானதாகிறது. ஒரு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 0.05 மில்லியும், அதற்குப் பின் ஒரு வயதுக்குள் போடப்படின் 0.1 மில்லியும் அளிக்கப்படுகின்றன. பச்சிளங்குழந்தையின் தோல் மெல்லியது. கூடுதல் மருந்து ஆழத்தில் இறங்கினால் கட்டியோ அக்குளில் நெறிகட்டியோ தோன்றக்கூடும் என்பதாலேயே இந்தப் பாதியளவு.

இதே காரணத்தினால் வேறு சில தடுப்பூசிகளும் தோலுக்குள் போடப்படுகின்றன. போலியோவுக்கான ஊசியின் 0.1 மில்லி அளவையும், நாய்க்கடிக்குப் பின் போடப்படும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இம்முறையில் பெறலாம். அவற்றில் உயிருள்ள கிருமிகள் இல்லையாதலால் பிசிஜி போன்ற புண் தோன்றுவதில்லை. புண் வரவில்லையே என்று ஐயுற வேண்டாம்.

சரியாகப் போடப்பட்டதற்கு அடையாளம், ஊசி போட்டவுடன் துவரம்பருப்பு அளவில் ஆரஞ்சுத் தோல்போல் சிறு குழிகளுடன் எழும்பும் ஒரு வெண்ணிறப் புடைப்பு ஆகும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அது மறைந்துவிடும்.

நினைவு உருவாகும் விதம்

மருந்து தோலுக்குள் சென்றதும், அங்குள்ள டென்ட்ரிடிக் செல்கள் பிசிஜி நுண்ணுயிரிகளை விழுங்குகின்றன. விழுங்கியவற்றைத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, நிணநீர் நாளங்கள் வழியாக அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கின்றன. இடது மேற்கைக்கு மிக அருகிலுள்ள கணுக்கள் இடது அக்குளில் அமைந்துள்ளன. ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்கு அங்கேயே நெறி கட்டுவதன் காரணம் இதுவே.

நிணநீர்க் கணுவில் டி செல்கள் குழுமியுள்ளன. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடையும் இச்செல்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் ஏற்பியைப் பெற்றுள்ளன. தனக்குரிய வடிவத்தை இன்னும் சந்திக்காத டி செல்லை "அனுபவமற்ற டி செல்" என்கிறோம். காசநோய்க் கிருமியின் ஒரு துண்டுக்குப் பொருந்தும் டி செல், பல லட்சம் செல்களில் ஒன்றாக மட்டுமே இருக்கும். டென்ட்ரிடிக் செல் அத்துண்டை ஏந்தியபடி கணுவுக்குள் நிற்கிறது. கடந்து செல்லும் டி செல்கள் அதனைத் தொட்டுப் பார்த்து நகர்கின்றன. பொருந்தும் செல் வந்து சேரும்போதுதான் அது தூண்டப்பட்டுப் பெருகத் தொடங்குகிறது.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாட்களில் அதே வடிவத்தை அறிந்த ஆயிரக்கணக்கான செல்கள் உருவாகின்றன. இவை "செயல்படும் டி செல்கள்". இவற்றுள் ஒரு பகுதி இரத்தத்தின் வழியே ஊசி போட்ட இடத்திற்குத் திரும்பி வருகிறது. அங்கு இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து, பெருவிழுங்கி செல்களைத் தூண்டி, அவற்றினுள் பதுங்கியுள்ள நுண்ணுயிரிகளைக் கொல்லச் செய்கிறது.

பணி முடிந்ததும் இப்படையின் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு எனலாம், தானே மடிந்துவிடுகிறது. எஞ்சும் சிறுபகுதியே நினைவு டி செல்கள். பிறந்த நாளில் பிசிஜி பெற்ற தென்னாப்பிரிக்கக் குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, காசநோய்க்கு எதிரான டி செல்கள் 6 முதல் 10 வாரங்களில் உச்சத்தை அடைந்து, பின்னர் முதலாண்டு முழுவதும் படிப்படியாகக் குறைந்தமை தெரியவந்தது. உச்சத்திற்குப் பின் வரும் இக்குறைவு இயல்பானதே. எப்போதும் முழுப்படையையும் நிறுத்தி வைப்பது உடலுக்கு இயலாததும் கேடானதும் ஆகும்.

கையில் தோன்றும் புண் எதைக் காட்டுகிறது?

பிசிஜி நுண்ணுயிரி மிக மெதுவாக வளர்வது. பல கிருமிகள் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இதற்கோ ஏறக்குறைய ஒரு நாள் தேவை. அத்துடன், டி செல்கள் பெருகித் தோலுக்குத் திரும்பவும் சில வாரங்கள் ஆகின்றன. ஆகவே ஊசி போட்ட முதலிரு வாரங்களில் கையில் எதுவும் தெரியாது. இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குப் பின் சிறு பரு ஒன்று எழுகிறது. ஐந்தாம் வாரமளவில் 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. பின்பு உடைந்து சிறிது சீழ் வடிந்து மேலோட்டமான புண்ணாகி, 6 முதல் 12 வாரங்களுக்குள் ஆறித் தழும்பாகிறது. மறந்துவிட்ட பழைய ஊசி திடீரெனச் சீழ்பிடித்துவிட்டதாகப் பெற்றோர் பதறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியினால்தான்.

அப்புண்ணைத் தூய நீரால் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி, காற்றுப்பட விடுங்கள். வழக்கம்போல் குளிப்பாட்டலாம். மஞ்சள், எண்ணெய், பச்சிலை, களிம்பு எதையும் பூச வேண்டாம், பிதுக்க வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் அக்கறையுடன் சொல்லும் வைத்தியமாயினும், திறந்த புண்ணில் வேறு கிருமிகள் புக அது வழிவகுக்கும்.

பின்வரும் நிலைகளில் மருத்துவரைக் காட்ட வேண்டும்: அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டி பெரிதாகிக்கொண்டே வந்தால் அல்லது பழுத்து உடையும் நிலையில் இருந்தால், கையிலுள்ள புண் மூன்று மாதங்களுக்கு மேலும் ஆறாமலிருந்தால், காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால்.

மற்றொரு நிலையும் உண்டு. இது பலருக்கும் தெரிவதில்லை. ஊசி போட்ட ஒரு வாரத்திற்குள்ளேயே பரு எழுந்து விரைவாகச் சீழ்பிடித்தால், அதை நல்ல அறிகுறி எனக் கொள்ளாதீர்கள். உடலில் காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்த நினைவு டி செல்கள் இருந்தால், அவை வாரக்கணக்கில் காத்திராமல் சில நாட்களிலேயே விரைந்து வரும். அதாவது, குழந்தைக்கு ஏற்கெனவே காசநோய்த் தொற்று இருக்கலாம். குறிப்பாக, சில மாதங்கள் கழித்துத் தாமதமாக ஊசி பெற்ற குழந்தையிடம் இதைக் கண்டால் உடனே சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள்.

சிலருக்குத் தழும்பே தோன்றாது. தழும்பு என்பது தோல் ஆறிய விதத்தின் அடையாளமே தவிர, நினைவு டி செல்களின் அளவுகோல் அன்று. தழும்பு இல்லை என்பதற்காக இரண்டாம் முறை பிசிஜி போட வேண்டியதில்லை என்பதே இந்தியத் தடுப்பூசித் திட்டத்தின் வழிகாட்டுதல். ஊசி போடப்பட்ட விவரம் தாய் சேய் நல அட்டையில் குறிக்கப்பட்டுள்ளதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நினைவு எங்கே தங்குகிறது?

நினைவு டி செல்கள் அனைத்தும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. "மைய நினைவு செல்கள்" நிணநீர்க் கணுக்களிலும் இரத்தத்திலும் சுற்றி வருகின்றன. உடனே போரிடாவிட்டாலும், தேவைப்படும்போது விரைவாகப் பெருகும் ஆற்றல் கொண்டவை. "செயல் நினைவு செல்கள்" இரத்தத்திலும் உடல் திசுக்களிலும் உலவி, கிருமியைக் கண்ட சில மணி நேரங்களில் செயலில் இறங்குகின்றன. மூன்றாவது வகை, "திசுவில் தங்கும் நினைவு செல்கள்". இவை இரத்தத்திற்குத் திரும்பாமல், ஒரு குறிப்பிட்ட உறுப்பிலேயே காவலர்களாகக் குடியிருப்பவை. இன்டர்லூகின்-7, இன்டர்லூகின்-15 ஆகிய புரதங்கள் நினைவு செல்களை ஆண்டுக்கணக்கில் உயிருடன் பேணுகின்றன.

இந்நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குப் பெரியம்மைத் தடுப்பூசி நல்ல சான்று. உங்கள் வீட்டு முதியோரின் கையிலுள்ள அம்மைத் தழும்பும் தோல்வழித் தடுப்பூசியின் தழும்பே. அத்தடுப்பூசி உண்டாக்கிய டி செல்கள் 8 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தாலும், பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் இரத்தத்தில் காணப்பட்டதாக 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

பிசிஜியின் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. காசநோய்க் கிருமி மூச்சுக்காற்றின் வழியே நுரையீரலின் அடியாழத்தில் இறங்குகிறது. கையின் தோலில் போட்ட ஊசியோ இரத்தத்திலும் கணுக்களிலும் நினைவைப் பெருக்குகிறது. நுரையீரலில் குடியிருக்கும் காவல் செல்களைப் போதிய அளவில் உருவாக்குவதில்லை. குரங்குகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், பிசிஜியை இரத்தக் குழாய்க்குள் செலுத்தியபோது நுரையீரலில் டி செல்கள் மிகுதியாகக் குவிந்து, தோலில் போட்டதைவிட வலுவான பாதுகாப்புக் கிடைத்தது. இது மனிதர்களுக்கு உரிய முறையன்று. எனினும் நினைவு தங்கும் இடம் எத்துணை முக்கியம் என்பதை இது தெளிவாக்கியது.

இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவும் காசநோயைத் தடுப்பதில் பிசிஜியின் சுற்றிவரும் நினைவு செல்கள் வல்லவை. மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயும், உடல் முழுவதும் தினைபோல் சிதறும் காசநோயும் சிறு குழந்தைகளின் உயிரைப் பறிப்பவை. பிசிஜி இவ்விரண்டின் ஆபத்தையும் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. பிறந்தவுடன் இவ்வூசியைப் போடச் சொல்வதன் முதன்மைக் காரணம் இதுவேயாகும்.

தமிழ்நாட்டில் நடந்த பெரும் ஆய்வு

நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்குமா என்பதை அறிய, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968 முதல் 1971 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பிசிஜி ஊசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. அவர்கள் 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பெரியவர்களிடம் பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. குழந்தைகளிடம் 27 விழுக்காடு என்னும் குறைந்த அளவே காணப்பட்டது. உலகமே வியந்த முடிவு இது. ஏனெனில், பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் இதே தடுப்பூசி நல்ல பலன் தந்திருந்தது.

இதற்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. நம் ஊர்களின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவினங்கள் பல வாழ்கின்றன. நோய் உண்டாக்காத அவற்றைச் சிறு வயதிலிருந்தே சந்திப்பதால், நம் உடலில் ஓரளவு நினைவு டி செல்கள் முன்பே உருவாகிவிடுகின்றன. பின்னர் போடப்படும் பிசிஜி அந்நினைவின்மேல் அதிகமாக எதையும் சேர்க்க இயலாமற்போகலாம்; அல்லது அச்செல்கள் பிசிஜி நுண்ணுயிரிகளை வளருமுன்பே அழித்துவிடலாம். எந்த நினைவும் இல்லாத பச்சிளங்குழந்தைக்குப் பிறந்த நாளிலேயே ஊசி போடுவது ஏன் சிறந்தது என்பதை இவ்விளக்கம் உணர்த்துகிறது. வளர்ந்தபின் போட்டுக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு நடைமுறைச் செய்தி: பிசிஜி குப்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், கரைத்த நான்கு மணி நேரத்திற்குள் அதைப் பயன்படுத்தியாக வேண்டும். இதனால் சில மருத்துவமனைகள் குறிப்பிட்ட நாளில் வருமாறு கூறலாம். அவ்வாறு கூறினால் அந்நாளைத் தவறவிடாதீர்கள். தவறிவிட்டால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, சிற்றூர்களில் கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு, ஒரு வயது நிறைவதற்குள் போட்டுக்கொள்ளலாம்.

முதியோரிடமும் நினைவு உருவாகுமா?

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 60 முதல் 80 வயது வரையிலானோருக்குப் பிசிஜி போட்டு ஆராய்ந்தது. ஊசிக்கு ஒரு மாதத்திற்குப் பின் அவர்களின் இரத்தத்தில் மைய நினைவு செல்களும் செயல் நினைவு செல்களும் கூடியிருந்தன. அனுபவமற்ற டி செல்கள் குறைந்திருந்தன. முதுமையிலும் தோல்வழியே புதிய நினைவு உருவாகக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும், செல்களின் எண்ணிக்கை கூடுவது வேறு. நோய் வராமல் தடுப்பது வேறு. இதனைக் கேள்விப்பட்டு முதியோருக்குத் தாமாகவே பிசிஜி போட முயல வேண்டாம்.

யாருக்கு ஊசியைத் தள்ளிவைக்க வேண்டும்?

உயிருள்ள நுண்ணுயிரியைக் கட்டுப்படுத்துவதற்கு டி செல்கள் இன்றியமையாதவை. அவை பிறவியிலேயே இல்லாத அரிய குறைபாடுடைய குழந்தைகளிடம் பிசிஜியே உடலெங்கும் பரவக்கூடும். முந்தைய குழந்தை ஒன்று கைக்குழந்தைப் பருவத்தில் கடும் தொற்றுகளால் இறந்திருந்தால், ஊசிக்கு முன்பே அதை மருத்துவரிடம் கூறுங்கள். நெருங்கிய சொந்தத்தில் மணம் புரிந்த குடும்பங்களில் இத்தகவல் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தாலும், மூட்டுவாதத்திற்கோ குடல் அழற்சிக்கோ கருவுற்ற காலத்தில் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் உயிரியல் ஊசிகளைப் பெற்றிருந்தாலும் தெரிவிக்க வேண்டும். எப்போது போடுவது, போடலாமா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.

வீட்டில் காசநோயாளி இருந்தால்

கையில் தழும்பு இருக்கும் குழந்தைக்கும் காசநோய்த் தொற்று ஏற்படலாம். பிசிஜி உருவாக்கிய நினைவு, நோய் மூளையைத் தாக்காமல் பெரிதும் காக்கும்; ஒரே அறையில் உறங்கும் தாத்தாவின் இருமலிலிருந்து நுரையீரலை முழுமையாகக் காக்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நினைவும் மங்குகிறது.

ஆகவே, வீட்டில் எவருக்கேனும் நுரையீரல் காசநோய் கண்டறியப்பட்டால், உடன் வாழும் அனைவரும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை எனத் தெரிந்தாலும், தடுப்புச் சிகிச்சையாக மாத்திரைகள் வழங்கப்படும். "தடுப்பூசிதான் போட்டிருக்கிறோமே, நோயில்லாத பிள்ளைக்கு மாத்திரை எதற்கு" என்று எண்ணி இதனை மறுக்கவோ பாதியில் நிறுத்தவோ வேண்டாம். பிற வயதினருக்கும் பரிசோதனைக்குப் பின் இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படலாம்.

பரிசோதனைகளுள் ஒன்றான மாண்டூ பரிசோதனை, நினைவு டி செல்களையே கண்முன் காட்டுவதாகும். முன்கையின் தோலுக்குள் காசநோய்க் கிருமியின் புரதத்தைச் சிறிதளவு செலுத்துவர். அதனை அறிந்த நினைவு செல்கள் உடலில் இருந்தால், அவை அங்கு வந்து குழுமித் தோலைத் தடிக்கச் செய்யும். அவை வந்து சேர 48 முதல் 72 மணி நேரம் ஆகும் என்பதாலேயே மூன்றாம் நாள் மீண்டும் வரச் சொல்கின்றனர். அன்று செல்லாவிட்டால் பரிசோதனை வீணாகும். பிசிஜி பெற்றவர்களுக்கும் இத்தடிப்பு ஓரளவு தோன்றலாம். தடிப்பு ஏற்பட்டதாலேயே நோய் உள்ளது என்று பொருளன்று. பிசிஜியில் இல்லாத, காசநோய்க் கிருமியில் மட்டும் உள்ள புரதங்களைக் கொண்டு செய்யப்படும் இரத்தப் பரிசோதனை இக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. எது தேவை என்பதை மருத்துவர் கூறுவார்.

குழந்தைக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல் நீடித்தாலோ, எடை கூடாமல் நின்றாலோ, விளையாட்டில் நாட்டமின்றிச் சோர்ந்திருந்தாலோ சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தொடர் வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவை மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. ஐயங்களுக்கு 104 என்ற மாநில சுகாதார உதவி எண்ணையோ, 1800-11-6666 என்ற தேசிய காசநோய் உதவி எண்ணையோ அழைக்கலாம்.